பிரானில் மூன்று இரவு: முழங்கால் வலி, சைவச் சாப்பாடு, ஒரு குழந்தை, ஓர் உப்பளம்

இசார்கரை:

வணக்கம். நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். தூத்துக்குடியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஏரி, மலை, அரண்மனை என்று காட்டியதில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. போன வாரம் மாமியார் தோசை வார்த்துக்கொண்டே, “இங்கே காற்றில் உப்பே இல்லையே” என்றார். அன்றிரவே அட்ரியாடிக் கடலோரமாக ஏதாவது பழைய ஊருக்குப் போவதென்று முடிவாகிவிட்டது.

முதலில் நினைத்தது துப்ரோவ்னிக். காரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றதும் கைவிட்டோம். ஸ்லோவேனியாவில் இருக்கும் பிரான் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர்தான், ஒரே பகலில் போய்விடலாம் என்கிறார் அலுவலக நண்பர். ஆகஸ்ட் நடுவில் மூன்று இரவு தங்க எண்ணம்.

என் குழப்பங்கள் இவை. பழைய ஊருக்குள்ளேயே தங்குவதா, பக்கத்தில் போர்த்தொரோஷில் ஓட்டல் எடுப்பதா? மாமனாருக்கு முழங்கால் வலி. சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், படி என்றால் முகம் சுருங்கிவிடும். மாமியார் சுத்த சைவம். மகளுக்கு ஏழு வயது, தண்ணீரைக் கண்டால் இறங்காமல் விடமாட்டாள்.

அங்கே உப்பளங்கள் இருக்கின்றன என்று படித்தேன். மாமனார் முப்பது வருடம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சொன்னால் மகிழ்வார் என்று நினைத்தேன். “உப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முள்ளக்காட்டிலேயே பார்த்திருப்பேனே, இதற்கா விமானம் ஏறினேன்?” என்கிறார். அழைத்துப்போவது வீண்தானா?

கடைசியாக ஒன்று, மாமியாரின் கேள்வி: நம் நிறத்தவர்களை அந்தச் சின்ன ஊரில் எப்படிப் பார்ப்பார்கள்?

டான்யூப்காரன்:

வியன்னாவிலிருந்து எழுதுகிறேன். பிரானுக்கு மூன்று இரவு அதிகம், அரை நாள் போதும். ஒரு சதுக்கம், ஒரு மணிக்கூண்டு, ஒரு கலங்கரை விளக்கம், முடிந்தது. குழந்தையோடு கடலுக்குப் போகிறவர்கள் தேடுவது மணல். பிரானில் ஒரு பிடி மணல்கூடக் கிடையாது. சிமெண்ட் தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள், ஏணி பிடித்துக் கடலில் இறங்குகிறார்கள். காரை ஊருக்குள் விடமாட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் தெற்கே போய் குரோவேஷியாவில் ரொவீனில் தங்குங்கள். போகிற வழியில் பொரெச்சில் ஆறாம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அதன் பொன் மொசைக்குகளைப் பார்க்காமல் வரக் கூடாது. 2023 முதல் அங்கேயும் யூரோதான், ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளிலும் சேர்ந்துவிட்டது. உப்பளம் பற்றி உங்கள் மாமனார் சொன்னதே சரி.

மூன்றாம்மாடி:

டான்யூப்காரன் சொன்னதில் பொய் இல்லை. அரை நாளில் பிரானைச் சுற்றி முடித்துவிடலாம்தான். அந்தக் கணக்குக்குக் காப்பியையும் அரை நிமிடத்தில் குடித்து முடிக்கலாம்.

நான் பதினொரு வருடமாக இத்தாலியின் திரியெஸ்தேயில் இருக்கிறேன். அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய இயற்பியல் மையம் இங்கே இருப்பதால், இந்த ஊருக்கு நம் ஆட்கள் வருவது புதிதல்ல. நானும் அப்படித்தான் வந்தேன். எல்லையைத் தாண்டினால் பிரான் ஒரு மணி நேரத்துக்குள். முப்பது தடவையாவது போயிருப்பேன். முதல் தடவை அம்மாவிடம் தொலைபேசியில் “நாளைக்குப் பிரானுக்குப் போகிறேன்” என்றதற்கு, “எந்தப் பிரான்? அங்கே கோயில் இருக்கிறதா?” என்று கேட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஊருக்கு எம்பிரான் என்றே பெயர்.

முதலில் தேதியை மாற்றுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அந்த வாரத்தில் பாதி இத்தாலி கடலுக்குள் நிற்கும், மீதிப் பாதி வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும். பவேரியாவில் பள்ளி திறக்கச் செப்டம்பர் நடு ஆகுமே, உங்களுக்கு என்ன அவசரம்? செப்டம்பர் முதல் வாரம் வாருங்கள். கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். சனிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள். ஆஸ்திரியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குள் வரும் கரவாங்கென் சுரங்கப்பாதையின் வாயில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும்.

ஸ்லோவேனிய நெடுஞ்சாலைக்கு மின்னணுச் சுங்கச் சீட்டு வாங்க வேண்டும். ஆஸ்திரியச் சீட்டு இங்கே செல்லாது. முதல் வருடம் நான், திரியெஸ்தேயிலிருந்து ஸ்லோவேனியாவின் கோப்பர் வரை பதினைந்து நிமிடம்தானே, இதற்கொரு சீட்டா என்று அலட்சியமாகப் போனேன். கட்டிய அபராதத்தில் பல வாரத்துக்கான சீட்டு வாங்கியிருக்கலாம். மாமனார், மாமியாருக்கு வேறு விசா வேண்டாம். ஸ்லோவேனியா 2007 முதல் ஷெங்கனில் இருக்கிறது. ஆனால் இப்போது எல்லைகளில் மறுபடியும் சோதனை நடக்கிறது. பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள்.

தங்குவது பற்றி. போர்த்தொரோஷ் வேண்டாம். வசதியான இடம்தான், மின்தூக்கி, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பகல்கூட்டம் கிளம்பிப்போன பிறகுதான் பிரான் தன் முகத்தைக் காட்டும், அப்போது நீங்கள் போர்த்தொரோஷில் பஃபே வரிசையில் நிற்பீர்கள். ஊருக்குள்ளேயே தங்குங்கள். காரை ஊருக்கு வெளியே ஃபொர்னாச்சே என்ற அடுக்கு நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டால், அங்கிருந்து சதுக்கம் வரை இலவசச் சிற்றுந்து ஓடுகிறது. பெரிய சக்கரப் பெட்டிகளை மியூனிக்கிலேயே விட்டுவிட்டு ஆளுக்கொரு தோள்பை எடுத்து வாருங்கள்.

வீடு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி? “எத்தனையாவது மாடி” என்று கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். என் புனைபெயர் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? “சில படிகள்” என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நானே எண்ணினேன், அறுபத்தொன்று. அதில் கடைசிப் பதினைந்து பரண் ஏணிக்கு அக்கா தங்கை. அம்மா முதல் நாள் ஏறியவர், இரண்டு நாள் இறங்கவே இல்லை. சன்னலிலிருந்து கயிறு கட்டிப் பையை இறக்கினால் நான் ரொட்டி வாங்கிப் போடுவேன். நகரம் ஒரு குறுகிய முனையில் நெருக்கியடித்துக் கட்டப்பட்டிருப்பதால் வீடுகள் அகலத்தில் வளரவில்லை, உயரத்தில் வளர்ந்தன. கடலோரத் தெருவிலும் தார்தினி சதுக்கத்தைச் சுற்றியும் தரை சமம். அங்கே தரைத்தளம் அல்லது முதல் மாடி கிடைத்தால், இரண்டு காசு கூட என்றாலும் பிடித்துவிடுங்கள்.

அந்தச் சதுக்கம் நீள்வட்டமாக, வழுவழுப்பான வெள்ளைக் கல் பரப்பி, ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலத்தில் இருக்கும். காரணம் இருக்கிறது. 1894 வரை அது தரையே இல்லை, மீன்படகுகள் நின்ற உள்துறைமுகம். சாக்கடையும் அதில் கலந்து நாற்றம் தாங்காமல் போகவே தூர்த்துவிட்டார்கள். படகு நின்ற இடத்தில் இப்போது குழந்தைகள் பந்து விளையாடுகின்றன. உங்கள் மகளுக்கு அதுவே போதும். கண்ணெதிரே விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம். நடுவில் வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தார்தினி, 1692இல் இங்கே பிறந்த வயலின் மேதை. கனவில் சாத்தான் வந்து வாசித்ததைக் கேட்டு ஒரு சோனாட்டா எழுதியதாகச் சொல்வார்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு வீடு, பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் பாணி. மேலே சன்னல்களுக்கு நடுவில் ஒரு சிங்கம், அதன் வாயருகே கல்லில் வெட்டிய ஒரு வரி: “லாஸ்ஸா பூர் தீர்”. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று பொருள். வெனிஸ் வணிகர் ஒருவர் உள்ளூர்ப் பெண்ணை விரும்பினாராம். ஊர் வம்பு பேசியதாம். அவளுக்கு அந்த வீட்டைக் கட்டிக்கொடுத்து, ஊர் படிக்கும்படி பதிலையும் மேலே எழுதிவைத்தாராம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று நாம் சலித்துக்கொண்டு போவோம், அந்த மனிதர் அதைக் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். மாமியாருக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

மேலே புனித ஜார்ஜ் தேவாலயத்தின் மணிக்கூண்டு, வெனிஸில் இருப்பதைப் பார்த்துச் சிறியதாகக் கட்டியது, 1608. ஆனால் வெனிஸின் அசல் 1902இல் சரிந்து விழுந்து, 1912இல்தான் திரும்பக் கட்டி முடித்தார்கள். ஆக இன்று நிற்பதில் நகலே மூத்தது. கூண்டில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட மரப்படிகள். மாமனார் ஏற வேண்டாம். கீழே தேவாலய மதிலோரம் உட்கார்ந்தாலே கடல் மூன்று பக்கமும் தெரியும். அதற்கும் சதுக்கத்திலிருந்து ஒரு மேடு ஏறியாக வேண்டும், குட்டையானது, ஆனால் செங்குத்து. ஊரின் பழைய மதில்சுவர் இன்னும் மேலே. அது உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும், அதிகாலையில்.

பகல்கூட்டம் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று சொல்கிறேன். உள்ளே தள்ளி மே முதல் நாள் சதுக்கம் என்று ஒன்று இருக்கிறது. படகுத்துறையைத் தூர்ப்பதற்கு முன் ஊரின் நடுக்கூடம் அதுதான். அங்கே படியேறிப் போகும்படி ஒரு கல்மேடை. மேடை இல்லை, மழைநீர்த் தொட்டியின் மூடி அது. மூன்று பக்கமும் கடல், குடிக்கச் சொட்டு நீர் இல்லை. கடுமையான வறட்சி ஒன்றுக்குப் பிறகு 1775–76இல் கட்டினார்கள். சுற்றியிருக்கும் வீட்டுக் கூரைகளின் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக இறங்கி வரும். குழாய் வந்து சேரும் மூலையில் இரண்டு கல்குழந்தைகள் ஆளுக்கொரு குடத்தோடு நிற்கின்றன. மழை நாளில் கூரைத் தண்ணீர் அந்தக் குடங்கள் வழியாகத்தான் தொட்டிக்குப் போகும். நான் காரைக்குடிக்காரி. முற்றத்து மூலையில் தகரக் குழாய்க்குக் கீழே அண்டா வைத்து மழை பிடித்த வீட்டில் வளர்ந்தவள். அந்தக் குழந்தைகளை முதலில் பார்த்தபோது, கைமாற்றிக் குடம் வாங்கப் போகிறவளைப் போல ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்.

குளியல். சிமெண்ட், ஏணி, உண்மை. பெரியவர்களுக்கு அது சௌகரியம், காலில் மணல் ஒட்டாது. குழந்தைக்கு ஃபியேசாவுக்குப் போங்கள். தேவாலயத்துக்குக் கீழே கடலோரமாகவே ஒரு கிலோமீட்டர் சமதள நடை. சிறு கூழாங்கல் கரை, ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். மேட்டிலிருந்து கல் சரிந்தால் சில சமயம் பாதையை மூடிவிடுவார்கள். கடல்முள்ளெலிகள் உண்டு, ரப்பர் செருப்பு இல்லாமல் இறக்காதீர்கள்.

மாமியாரின் கேள்விக்கு. 2010இல் இந்த ஊர் தேர்ந்தெடுத்த மேயர் பீட்டர் பாஸ்மன், கானாவில் பிறந்தவர், யூகோஸ்லாவியாவுக்கு மருத்துவம் படிக்க வந்து இங்கேயே மருத்துவராகத் தங்கிவிட்டவர். இரண்டு தடவை வென்று எட்டு வருடம் பதவியில் இருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பார்ப்பார்கள், பிறகு தங்கள் காப்பியைப் பார்ப்பார்கள். நான் சேலை கட்டிப் போன அன்று ஒரு பாட்டி நிறுத்தி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். இத்தாலிய மொழியும் இங்கே ஆட்சிமொழி, தெருப் பலகைகள் இரண்டிலும் இருக்கும். 1797 வரை ஐந்நூறு வருடம் வெனிஸ், பிறகு பெரும்பாலும் ஆஸ்திரியா, முதல் போருக்குப் பின் இத்தாலி, இரண்டாம் போருக்குப் பின் யூகோஸ்லாவியா. ஒரே வீட்டில் இருந்தபடி நான்கைந்து தேசத்துக் குடிமக்களாக இருந்தவர்கள் உண்டு. அதில் பெரும்பாலான இத்தாலியர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதும் உண்டு.

இனி உப்பளம். இதற்காகத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

பிரானின் மணிக்கூண்டும் சிவப்பு வீடும் எந்தக் காசில் வந்தன என்று நினைக்கிறீர்கள்? உப்பில். உப்பு வாங்கியது வெனிஸ், விலை வைத்ததும் வெனிஸ். ஏப்ரல் 24, புனித ஜார்ஜ் திருநாளன்று பாதி ஊர் சட்டிபானை, கோழி, குழந்தைகளோடு படகேறி செச்சோவ்லியே உப்பளத்துக்குக் குடிபோய்விடும். ஆகஸ்ட் 24, புனித பர்த்தலோமேயு திருநாளன்று திரும்பும். கால்வாய்க் கரையில் கீழே உப்புக் கிடங்கு, மேலே குடியிருப்பு என்று கல் வீடுகள். அந்தப் பகுதி ஃபொந்தானிஜ்ஜே, 1960களின் இறுதியில் கைவிட்டுவிட்டார்கள். கூரை விழுந்து வரிசையாக நிற்கின்றன, சிலவற்றைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மாமனாருக்கு அது வேண்டாம். நுழைவாயில் ஸ்லோவேனிய, குரோவேஷியச் சாவடிகளுக்கு நடுவில் இருக்கிறது, உள்ளே நிழலில்லாத நீண்ட நடை.

நீங்கள் போக வேண்டியது லேரா என்ற பகுதி. இன்றும் கையால் உப்பு வாருகிறார்கள். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்: இங்கே பாத்தியின் அடியில் இருப்பது வெறும் களிமண் இல்லை, பெத்தோலா. நீலப்பச்சைப் பாசி, ஜிப்சம், களிமண் எல்லாம் சேர்ந்து சில மில்லிமீட்டர் தடிமனில் உயிருள்ள ஒரு பாய்போலப் படிந்திருக்கும். அதை வளர்க்கிறார்கள், தாங்களாகவே. பதினாலாம் நூற்றாண்டில் குரோவேஷியாவின் பாக் தீவிலிருந்து கற்றுக்கொண்ட வித்தை. உப்பு அதன்மேல் படிகமாகும், சேறு கீழேயே நின்றுவிடும். ஆகையால் வாரிய உப்பைக் கழுவ வேண்டியதில்லை. அதன்மேல் காலை ஊன்றினால் கிழிந்துவிடும் என்று, உள்ளே இறங்குகிறவர்கள் தட்டையான மரச்செருப்பு அணிந்திருப்பார்கள்.

போன ஜூலையில் மாலை ஐந்து மணிக்கு நான் பார்த்தேன். பாத்தியில் ஓர் அங்குலத் தண்ணீர். ஒருவர் நீண்ட கைப்பிடி கொண்ட மரப்பலகையை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறார், அழுத்தவில்லை, பாயைத் தொடாமல் தடவுகிறார். ஈர அரிசியைச் சுளகில் சரிப்பதுபோல ஒரு சத்தம். தண்ணீருக்கடியிலிருந்து உப்பு வெள்ளையாகக் கூடிக்கொண்டே வந்து, நடுவில் கூம்பாக நின்றது. கூம்பின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடி முடிக்கும்வரை அவர் பலகையில் சாய்ந்து நின்றார். வெயில் நன்றாக இருந்தால் அன்றாடம் வாருவார்கள். ஒரு மழை வந்தால் எல்லாம் கரைந்தது.

மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், தொப்பி கட்டாயம். நெடுங்கால் உள்ளான் நிற்கும், சிவப்புக் கால். உங்கள் மாமனாருக்கு அறிமுகம் தேவைப்படாது.

டிராகன்பாலம்:

லூப்லியானாவில் படிக்கிறேன், இரண்டு வருடமாகச் சைவ உணவில் உயிரோடு இருக்கிறேன், ஆகவே இந்தப் பகுதி என்னுடையது. ஃபூஜி என்ற சுருட்டிய பாஸ்தாவை உணவுக் காளான் வகையான ட்ரஃபிளோடு தருவார்கள். நல்ல சாப்பாடு, ஆனால் பன்றித் தொடைக்கறியைச் சீவித் தூவுவதும் உண்டு. “இறைச்சி வேண்டாம்” என்பது போதாது, “மீனும் வேண்டாம், தொடைக்கறியும் வேண்டாம்” என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். காய்கறி சூப்பில் எலும்புச்சாறு இருக்கலாம், கேட்டுவிட்டே ஆர்டர் செய்யுங்கள். பிளித்வா என்று ஒன்று மீனுக்குத் துணைக்கறியாக வரும்: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு மசித்தது. அதை மட்டும் தனியாக இரண்டு தட்டு கேட்டு, கையோடு கொண்டுவந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் சொர்க்கம். எப்படியும் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து, குக்கரைக் காரிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.

மழை பெய்தால் வழியில் போஸ்தோய்னா குகைக்குப் போகலாம். 1872 முதல் உள்ளே தொடர்வண்டி ஓடுகிறது, முழங்கால் வலிக்காரர்களுக்கென்றே போட்டதுபோல. இறங்கியபின் கொஞ்சம் ஏற்றயிறக்கம் உண்டு, கைப்பிடி இருக்கிறது. உள்ளே பத்து டிகிரிதான், ஸ்வெட்டர் எடுங்கள். ஷ்கோசியான் குகை அதைவிடப் பிரமாண்டம், ஆனால் படிகள் நூற்றுக்கணக்கில். மாமனாரிடம் அதன் பெயரையே எடுக்காதீர்கள்.

டான்யூப்காரன்:

மூன்றாம்மாடி அவர்களே, அரை நிமிடத்தில் காப்பி குடிப்பவன்தான் நான். மழைநீர்த் தொட்டியை நான் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொரெச் மொசைக்கில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிரானிலிருந்து காரில் ஒரு மணி நேரம் சொச்சம்; ஒரு பகல் போய்வரட்டும்.

மூன்றாம்மாடி:

போய்வரட்டும். மூன்று இரவு என்பது அதற்கும் சேர்த்துத்தான்.

இசார்கரை:

போய்த் திரும்பிவிட்டோம். செப்டம்பர் முதல் வாரமே போனோம். மூன்றாம்மாடி அக்காவுக்கு முதல் நன்றி: படி எண்ணிக்கை கேட்டதில் நான்கு வீட்டுக்காரர்கள் பதிலே எழுதவில்லை, ஐந்தாமவர் “ஒன்பது” என்றார். ஒன்பதேதான், மாமனார் இரண்டு தடவை எண்ணினார்.

எல்லாம் நன்றாக நடக்கவில்லை. முதல் நாளும் இரண்டாம் நாள் காலையும் கொட்டித் தீர்த்தது. பொரெச் போகவில்லை (டான்யூப்காரன் மன்னிக்க வேண்டும்), ஃபியேசா பாதை மூடியிருந்தது. மகள் ஏணி பிடித்துக் கடலில் இறங்கியதை மாமியார் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கார் நிறுத்தக் கட்டணம் மூன்று நாளைக்கு, ஐயோ, அதை எழுதி நினைவுபடுத்திக்கொள்ள விரும்பவில்லை. சிவப்பு வீட்டுக் கதையை மாமியார் மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை, “அந்தப் பெண்ணை அவன் கல்யாணம் செய்தானா இல்லையா, அதைச் சொல்” என்றார். யாருக்காவது தெரியுமா?

மூன்றாம் நாள் லேரா. மாமனார் வரமாட்டேன் என்றவர், பெத்தோலா பற்றிப் படித்துக்காட்டியதும் “பாசியா? பாத்தியில் பாசி விட்டால் உப்பு எப்படி வெளுக்கும்?” என்று சண்டைக்கு நிற்பதுபோலச் செருப்பை மாட்டினார். மழையில் எல்லாப் பாத்தியும் நிரம்பிக் கிடந்தது, உப்பு வாரவில்லை. எனக்கு ஏமாற்றம். அவருக்கு இல்லை. வரப்பிலே குந்தி உட்கார்ந்தார். முழங்கால் வலி என்று ஆறு வருடமாகத் தரையில் உட்காராத மனிதர். தண்ணீருக்குள் சாம்பலும் பச்சையும் கலந்த அந்தப் பாயை வெகுநேரம் பார்த்தார். தொடக் கூடாது என்று பலகை இருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நம் பக்கத்தில் ஆள் விட்டு மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவோம். இவர்கள் பாயை வளர்த்துப் படுக்கப் போட்டிருக்கிறார்கள்” என்றார். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, “நாலு நாள் வேலை போயிற்று” என்றார். அங்கே வண்டி தள்ளிக்கொண்டு வந்தவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இந்த வருடம் இனி வாருவதே சந்தேகம் என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமனார் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவரும் ஆட்டினார். ஒரு நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள்.

உள்ளான் நின்றது. “இது இங்கேயுமா?” என்று மட்டும் கேட்டார்.

கடையில் கல்லுப்பு ஒரு கிலோ வாங்கினார். கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலத் தூத்துக்குடிக்கே உப்பா என்று மாமியார் கேலி செய்தும் கேட்கவில்லை. விலையை யூரோவிலிருந்து ரூபாய்க்கு மாற்றிச் சொன்னதும் பொட்டலத்தைத் திரும்பத் தராசில் வைக்கச் சொன்னார், எடை சரியா என்று பார்க்க.

அக்கா, அவருடைய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்றிரவு கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: குளிர்காலத்தில் அந்தப் பாயை என்ன செய்கிறார்கள்? காய்ந்து வெடித்துவிடாதா?

மூன்றாம்மாடி:

காயவிடமாட்டார்கள். இலையுதிர் காலத்தில் பாத்திகளுக்குள் கடல்நீரை விட்டு மூடிவிடுவார்கள், குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்கடியிலேயே கிடக்கும். வசந்தத்தில் நீரை இறக்கி, மேலே படிந்த சேற்றை வழித்துவிட்டு, பாயைச் சீர்செய்து திரும்ப வளர்ப்பார்கள். அதற்கே பல வாரம் பிடிக்கும். அந்த வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் மாதம் வர வேண்டும் என்று சொல்லுங்கள். வீடு அந்த ஒன்பது படி வீடே இருக்கட்டும். முகவரியை எனக்குத் தனியாக அனுப்புங்கள், அம்மா மறுபடியும் வருகிறார்.